பந்தியில் உட்காராதவள்

இந்தப் பக்கமாக உட்காரும்மா. அந்த ஓரத்தில் சிமெண்டு பெயர்ந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, சேலையைக் கிழித்துவிடும். போன மழைக்கு முன்னாலிருந்தே அப்படித்தான் கிடக்கிறது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். இந்த ஊரில் எதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடி பஸ்தானே? வரும். வருகிறபோது வரும். நானும் அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பையைக் கீழே வைக்காதே, எறும்பு ஏறும். மடியில் வைத்துக்கொள்.

நீ இந்த ஊர் இல்லை. பஸ் மாறுவதற்கு இறங்கினாயா? யாருக்கு, மாமியாருக்கா ஆஸ்பத்திரி? சரி சரி, சுகமாகிவிடும். அது இருக்கட்டும், நீ சாப்பிட்டாயா? அதானே, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இன்றைக்கு இங்கே கடை ஒன்றும் திறந்திருக்காது தாயே. டீக்கடைக்காரர் முதற்கொண்டு எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். கோயில் என்றால் எங்கள் வேதக் கோயில். அதோ, வேப்பமரத்துக்கு மேலே சிலுவை தெரிகிறது பார். மைக் சத்தம் கேட்கிறதா? இன்றைக்கு எங்களுக்கு அசனம்.

உங்கள் பக்கத்தில் அம்மன் கொடைக்குச் சாப்பாடு போடுவார்களே, அப்படி வைத்துக்கொள். வீட்டுக்கு வீடு அரிசி, தேங்காய், கத்தரிக்காய், முடிந்தவர்கள் ஆட்டுக்கிடா, ஏதோ ஒன்று கொடுப்பார்கள். இல்லாதவர்கள் கொடுக்கமாட்டார்கள். எல்லாம் ஒரே கிடாரத்தில் விழுந்துவிடும். வெந்த பிறகு எது யார் வீட்டு அரிசி என்று யார் கண்டது? பந்தலில் பாய் விரித்து இலை போடுவார்கள். டாக்டரும் உட்காருவார், ஆடு மேய்க்கிறவனும் உட்காருவான். நீயும் போய் உட்காரலாம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, போ. எந்த ஊர், என்ன சாமி கும்பிடுகிறாய் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் என் பேரைச் சொல்லு, தங்கபுஷ்பம் அனுப்பினாள் என்று சொல்லு. இல்லை, வேண்டாம், என் பேரைச் சொல்லாதே. சும்மா போய் உட்கார். அதற்கு ஒருத்தர் பேரும் வேண்டியதில்லை. என்னது, எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்கிறாயா? அடி பைத்தியக்காரி, அசனத்துக்கு உரிமை பார்த்தா வருவார்கள்? பசியோடு வரவேண்டியது, உட்காரவேண்டியது. அவ்வளவுதான்.

நானா? நான் உட்காரமாட்டேன்.

பசி இருக்கத்தான் செய்கிறது. விடிந்ததும் குடித்த கட்டங்காப்பிதான். ஆனால் நான் அசனப் பந்தியில் உட்காருகிறது கிடையாதம்மா. கல்யாணமாகி வந்த புதிதில் உட்கார்ந்திருப்பேன். மகள் பிறந்த வருஷத்திலிருந்து இல்லை. சோற்றுப் பெட்டி இருக்கிறதே, பனையோலையில் முடைந்தது, அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதல் பந்தி தொடங்கிக் கடைசிப் பந்தி வரைக்கும் சோறு போடுவது நான். என் கைச்சோறு வாங்காதவன் இந்த ஊரில் இல்லை. போதும் என்றால் இலையை மறைத்துக் கையை வைப்பார்கள் இல்லையா? நான் விடமாட்டேன். "கையை எடுவே" என்று அதட்டி, இன்னும் ஒரு கை போட்டுவிட்டுத்தான் நகருவேன். எல்லாரும் எழுந்து போய், கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, அடியில் ஒட்டியதை அடுப்படியில் நின்றுகொண்டே தின்பேன். என் அசனம் அதுதான்.

இப்போது முழங்கால் போய்விட்டது. போனால் என்ன, துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போன வருஷமும் பரிமாறினேன். கோயிலில் மணியடிக்கிற பயல் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கு வாய் நீளம். "பெரியம்மா, நீங்க வாறது தேர் அசைஞ்சு வாற மாதிரில்லா இருக்கு. நீங்க வந்து சேருததுக்குள்ள அடுத்த அசனம் வந்துரும்" என்றான். "உனக்கு அவ்வளவு பசின்னா இலையைத் தின்னுக்கிட்டு இருலே" என்று சொன்னேன். பந்தியே சிரித்தது. சிரிக்கட்டும். ஆனால் பெட்டியை நான் இறக்கினேனா? இறக்கவில்லை.

ஏன் உட்காருவதில்லை என்றுதானே கேட்கிறாய்? பொருத்தனை. நீங்கள் நேர்ச்சை என்பீர்களே, அது.

என் மகள் எப்சிபா அப்போது பால்குடிப் பிள்ளை. இதே போல ஒரு அசனத்தன்றைக்கு அவளுக்கு ஜன்னி கண்டுவிட்டது. கண் மேலே போய், கை கால் எல்லாம் விறைத்து, வாயில் நுரை. என் வீட்டுக்காரர் லாரியோடு எங்கேயோ போயிருந்தார். நான் பந்தல் வாசலில் நின்று கத்துகிறேன். என் கொழுந்தன் ஜெயசிங், என் வீட்டுக்காரருக்குத் தம்பி, அப்போது மீசை முளைக்காத பயல், பந்தியில் உட்கார்ந்திருந்தவன் எச்சில் கையோடு எழுந்து வந்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நர்சம்மா வீட்டைப் பார்த்து ஓடினான். அது சரி, ஓடினான், இல்லை என்று சொல்லவில்லை. நான் பின்னால் விழுந்தடித்து ஓடுகிறேன். குளத்தங்கரை வளைவு வந்ததும் பிள்ளை அவன் சட்டை மேலே குபுக்கென்று கக்கிவிட்டு வீல் என்று அழுதது. அந்தச் சத்தம் இருக்கிறதே! அங்கேயே மண்ணில் உட்கார்ந்து மாரில் போட்டேன், மடக் மடக் என்று குடித்தது. நர்சம்மா வந்து பார்த்துவிட்டு, "காய்ச்சல் தலைக்கு ஏறியிருக்கு. இப்ப ஒண்ணும் இல்ல, ஈரத்துணி போடு" என்றார்கள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையோடு நேரே கோயிலுக்குப் போய், பீடத்துக்கு முன்னால் முழங்கால்படியிட்டேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை எனக்கு விட்டுக்கொடும். என் உயிர் இருக்கிற மட்டும் உம்முடைய அசனத்தில் நின்று பரிமாறுவேன், பந்தியில் உட்காரமாட்டேன்" என்று சொன்னேன். சொன்னேன், நின்றேன். அவளும் பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கு அவள் தூத்துக்குடியில் புருஷன், பிள்ளைகள் என்று இருந்துகொண்டு, போனில் என்னையே அதட்டுகிறாள். எல்லாம் எந்தக் காலில் நின்று வந்தது? இந்தக் காலில் நின்று வந்தது.

மைக்கில் என்ன சொல்கிறான்? இரண்டாம் பந்தியா, மூன்றாம் பந்தியா? எது என்றால் என்ன.

ஜெயசிங்கைப் பற்றித்தானே சொல்லவந்தேன். அந்தப் பயல் பிறகு குடிக்கப் பழகிவிட்டான். சாதாரணக் குடி இல்லை. ஒரு அசனத்தன்றைக்குக் கால் தள்ளாடி வந்து, அடுப்படியில் யாரோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள் என்று, கொதிக்கிற சாம்பார் அண்டாவை எட்டி உதைத்துக் கவிழ்த்துவிட்டான். ஊர்ச் சாம்பாரம்மா! பந்தலில் ஜனங்கள் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கே பருப்பும் காயும் மண்ணில் ஓடுகிறது. பெண்டுகள் எல்லாம் அழுகிறார்கள். நான்தான், "அழுதது போதும், அரிவாமனையை எடுங்கட்டி" என்று திரும்ப உலை வைத்தேன். அவனைச் சபையை விட்டுத் தள்ளிவைத்தார்கள். ஊரை விட்டும் போய்விட்டான். அண்ணன் செத்ததற்கு வந்தான். எப்படி வந்தான்? கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே வராமல், அப்படியே போய்விட்டான். ஒரு பிடி மண் போடவில்லை.

அப்பேர்ப்பட்டவன் போன வருஷம் காலெல்லாம் வீங்கி, ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கினான். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், அது வேறே. பட்டினி போட முடியுமா? தபசு நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள் அது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். ஐயர், அதுதான் எங்கள் பாதிரியார், பிரசங்கத்தில் என்னமோ சொன்னார். இவன் எழுந்து முன்னால் போய், பீடத்துக்கு முன்னால் விழுந்து ஒரு அழுகை அழுதான். அவ்வளவுதான். சேர்த்துக்கொண்டார்கள்! அடுத்த மாதம் நற்கருணைக்கு எனக்குப் பக்கத்தில் வந்து முழங்காலில் நிற்கிறான். எனக்குக் கொடுத்த அதே அப்பம், அதே திராட்சரசம். நான் இத்தனை வருஷமாக நிற்கிறேன் தாயே. அவன் அழுதது ஒரே ஒரு அழுகை.

இது இல்லை என் வயிற்றெரிச்சல். இதைக்கூட முழுங்கிக்கொண்டேன்.

போன வாரம் ஐயர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, என் மகளைவிட இளையவர். முறுக்கு வைத்தேன், சாப்பிட்டுவிட்டு மெல்லச் சொல்கிறார், "அம்மா, இந்த வருஷம் நீங்க பரிமாற வேண்டாம், பந்தியில உக்காருங்க. சோத்துப் பெட்டியை ஜெயசிங் அண்ணன் தூக்கட்டும்."

"ஐயரே, அவன் அண்டாவை உதைச்சவன்" என்றேன்.

"தெரியும்மா. அவரே சொன்னார்."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. உங்களுக்கு முடியல. உக்காந்து சாப்பிடுங்கன்னுதான சொல்லுதேன்."

"சும்மாவா?"

"சும்மாத்தான். அசனம் சும்மாதானம்மா."

படித்தவர், அவருக்கு என்ன தெரியும்? சும்மா உட்கார்ந்து தின்பதற்கா நான் இந்த ஊரில் இருக்கிறேன்? வேலை இல்லாத இடத்தில் எனக்கு என்ன இடம்? மகளிடம் சொல்லிவிட்டேன், அசனம் முடிந்ததும் வந்துவிடுகிறேன், இனி ஊர்ப்பக்கம் வரமாட்டேன் என்று. வீட்டுச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்தாகிவிட்டது. மகள் வீட்டில் பாத்திரம் கழுவலாம், பிள்ளைகளுக்குத் தலை சீவலாம். அங்கேயும் நான் சும்மா உட்கார்ந்து சாப்பிடமாட்டேன்.

இருந்தாலும் இன்றைக்குக் காலையில் மனசு கேட்கவில்லை. முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனேன். பெட்டி அவன் இடுப்பில் இருக்கிறது. முதல் பந்திக்கு ஜனங்கள் உட்கார்ந்தாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வருகிறான். "மைனி, வாங்க, உக்காருங்க. முதல் இலை உங்களுக்குத்தான் போட்டிருக்கு" என்கிறான். எனக்கு இலை போட இவன் யார்? "பெட்டியைக் கொடுடா" என்றேன். "இந்தாங்க மைனி" என்று கொடுத்துவிட்டான். வாங்கி இடுப்பில் வைத்தேன். அப்புறம்தான் சோறு சிந்திவிட்டது. பெட்டிச் சோறு பூராவும் பாய் மேலே. எல்லாரும் அவனைத்தான் பிடித்துத் திட்டினார்கள். "அண்ணைக்கு அண்டா, இண்ணைக்குப் பெட்டி, இவன் மாறவே மாட்டான்" என்று ஒரு கிழவர் எழுந்தே போய்விட்டார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. வந்து பையை எடுத்தேன், இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

என்ன?

அவன் தட்டினானா என்றா கேட்கிறாய்?

எறும்பு ஏறுகிறது பார் உன் காலில். தட்டிவிடு.

அவன் பக்கத்திலேயே இல்லையம்மா. கொடுத்துவிட்டு அந்தாண்டை போய்விட்டான். இரண்டு எட்டு வைத்தேன், முழங்கால் மடங்கிவிட்டது. அவ்வளவு ஜனங்களுக்கு முன்னால், இத்தனை வருஷத்தில் ஒரு பருக்கை சிந்தாத கை. அவன் ஓடி வந்து என் முன்னால் குந்திக்கொண்டு, சிந்தின சோற்றை அள்ளுகிறான். அள்ளிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்கிறான், "என் கைதான் பட்டுட்டு. மைனி மேல தப்பு இல்ல, நான்தான் தட்டிட்டேன்" என்று. எவன் கேட்டான் அவனை? நான் கேட்டேனா? அத்தனை பேரும் அவனை ஏசுகிறார்கள், அவன் தலையைக் குனிந்துகொண்டு சோற்றை அள்ளுகிறான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிந்தினதுகூடப் பொறுத்துக்கொள்வேன்.

கடைசிப் பந்தி என்கிறானா? ஆமாம், கடைசிப் பந்திதான். போ, நீயாவது போ. இதற்கு மேல் இலை போடமாட்டார்கள்.

நான் வரமுடியாது, அதுதான் சொன்னேனே. ரோஷம் மட்டும் இல்லையம்மா. நீ பிள்ளை பெற்றவள்தானே? நான் ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொன்ன வார்த்தை. நின்றேன், பிள்ளை நிலைத்தது. நாளைக்கு நான் உட்கார்ந்து, அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? சோறு சிந்தியது ஒரு அடையாளமாக இருக்குமோ என்று அவளுக்குப் போன் போட்டேன். "தோசை ஊத்துதேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் நான் நிற்கிறதனாலேதானே நன்றாக இருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் கால் வலிக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைப்பேன். இந்த வலி அவளுக்கு வரவேண்டியது என்று நினைப்பேன். அலுத்துப்போய்விட்டது தாயே. உன்னிடம் சொன்னால் என்ன, நீ யாரோ. ரொம்ப அலுத்துப்போய்விட்டது.

என்ன கேட்கிறாய்? பிள்ளை எப்போது பால் குடித்ததா? அதுதான் சொன்னேனே. குளத்தங்கரையில். கக்கிவிட்டு அழுதது, மண்ணில் உட்கார்ந்து கொடுத்தேன், குடித்தது. நர்சம்மா பார்த்தார்கள். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போய்ப் பொருத்தனை...

இரு.

இல்லை, இரு. முதலில் குளத்தங்கரை. அப்புறம் நர்சம்மா. அப்புறம் கோயில். ஆமாம். நான் முழங்கால்படியிடும்போது பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. வாயோரத்தில் பால் வழிந்தது, முந்தானையால் துடைத்தேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, துடைத்துக்கொண்டேதான் சொன்னேன், இந்தப் பிள்ளையை விட்டுக்கொடும் என்று.

கொடுத்தபிறகா கேட்டேன்?

பேசாமல் இரு கொஞ்சம். நீ ஒன்றும் சொல்லவேண்டாம்.

இதோ வந்துவிட்டது உன் பஸ். நம் பஸ். ஏறு, ஏறு. பையை நான் தருகிறேன். ஏன் நிற்கிறாய்? பசிக்கிறதென்றால் அப்போதே போயிருக்கலாமே. தனியாகப் போகக் கூச்சமா? யாரையும் தெரியாதுதான். தெரியாவிட்டால் என்ன, அங்கே யாரும்... என்னம்மா நீ, டிரைவர் ஹாரன் அடிக்கிறான். மாமியாரைச் சாயங்காலம்தான் பார்க்கவிடுவார்களா? அடுத்த பஸ் உண்டு, அது இருக்கிறது. அதற்காக என்னையும் வா என்று கையைப் பிடித்து இழுத்தால்? முழங்கால், முழங்கால், மெல்ல.

போ தம்பி, போ, நாங்கள் வரவில்லை. பிறகு வருகிறோம்.

சரி, உனக்காக வருகிறேன். நன்றாகக் கேட்டுக்கொள், உனக்காகத்தான். வெளியூர்ப் பிள்ளை, பசியோடு வந்தவள், துணைக்கு ஆள் இல்லை என்றுதான் வருகிறேன். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்லுவேன். உன் தோளைக் கொடு. அந்தக் கல்லைப் பார்த்து நட.

செருப்பை இங்கே விடு. தலையைக் குனிந்துகொண்டு வா, யாரையும் பார்க்காதே. பார்த்தாயா, பார்க்கிறார்கள். மணியடிக்கிற பயல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். என்னலே பாக்க, தேர் நிலைக்கு வந்துட்டு, போய்த் தண்ணி கொண்டா. ஒன்றும் இல்லையம்மா, அவனிடம் சொன்னேன். இங்கே, இந்த ஓரத்தில் உட்காரலாம். எனக்கு உட்காரத் தெரியவில்லை பார், காலை எப்படி மடக்குவது? நீட்டிக்கொள்கிறேன். சின்னப் பிள்ளை மாதிரி நீட்டிக்கொண்டு உட்காருகிறேன்.

இலை போட்டாகிவிட்டது. தண்ணீர் தெளித்துத் துடை. இப்படி. கீழேயிருந்து பார்த்தால் பந்தல் எவ்வளவு உயரமாக இருக்கிறது! அடுப்படிப் புகை இந்தப் பக்கமாகத்தான் வருகிறது, இது எனக்குத் தெரியவே தெரியாது.

அவன் வருகிறான். பெட்டி இடுப்பில் இருக்கிறது. சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை, கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும், சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லை, இப்போது வேண்டாம். முதலில் உனக்குப் போடுகிறான். ஏந்து, ஏந்து, இலையைப் பிடித்துக்கொள். நிறையத்தான் போடுகிறான். இந்தக் கை யாரிடம் படித்தது?

என் முன்னால் நிற்கிறான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லையம்மா. காலைப் பார்க்கிறேன், வீக்கம் வற்றவே இல்லை. இந்தக் காலோடு முதல் பந்தியிலிருந்து நிற்கிறான். ஏன் போடாமல் நிற்கிறான்?

"மைனி, கையை எடுங்க. சோறு போடணும்லா."

என் கை இலையை மறைத்துக்கொண்டிருக்கிறது. நான் எப்போது வைத்தேன்? ஒரு பருக்கை விழவில்லை, அதற்குள் போதும் என்று கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"எடுங்க மைனி."

எடுக்கிறேன்ப்பா. இரு. பழகாத கை, எடுக்க நேரமாகிறது. காலையில நீ தட்டல, என் முழங்கால்தான் மடங்கிட்டு, இவங்க எல்லாருக்கும் கேட்கட்டும், என் முழங்கால்தான் மடங்கிட்டு. எனக்குப் பசிக்குது ஜெயசிங்கு. இந்தா, எடுத்துட்டேன்.

போடு.